போர் இல்லாத நாளில் படை என்ன செய்யும்? கண்டோன்மென்ட் பற்றி ஓர் அறிமுகம்

திருச்சியில் பஸ் நடத்துநர் ‘கண்டோன்மென்ட் எறங்கு’ என்று குரல் கொடுப்பார். பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ஒரு கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரும். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் சேர்ந்து ஒரு கண்டோன்மென்ட். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இன்னொன்று. இத்தனை தடவை காதில் விழும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், ‘மிலிட்டரி ஏரியா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். தப்பில்லை. ஆனால் கோட்டையும் மிலிட்டரி ஏரியாதான், எல்லைக் காவல் சாவடியும் மிலிட்டரி ஏரியாதான். கண்டோன்மென்ட் என்பது இரண்டும் இல்லை. சண்டை இல்லாத நாளில் ஒரு படையை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு ஆங்கிலேயர்கள் இந்தியாவில் கண்டுபிடித்த பதில் அது.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு சிப்பாயின் பணிக்காலத்தை நாள் கணக்கில் பிரித்துப் பாருங்கள். இருபது வருடம் படையில் இருந்தவர் நிஜமாகவே துப்பாக்கி நீட்டிச் சண்டை போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு சண்டையும் பார்க்காமலே ஓய்வு பெற்றவர்களும் ஏராளம். மீதி நாளெல்லாம் சோறு, தண்ணீர், கூரை, காய்ச்சல், கடன், கல்யாணம், அப்புறம் சலிப்பு. பள்ளிக்கூடப் பாடத்தில் பிளாசி வரும், வந்தவாசி வரும். அந்த ஆட்களுக்கு யார் தண்ணீர் மொண்டு வந்தார்கள் என்பது வராது. கண்டோன்மென்டின் வரலாறு முழுக்க அந்தத் தண்ணீர்க்காரரின் பக்கத்து வரலாறு.

பாசறை வேறு, கண்டோன்மென்ட் வேறு

படை தங்கும் இடத்துக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாசறை, படைவீடு, பாளையம், தண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் ஒரு பாசறை வருகிறது. காட்டை வெட்டி முள்வேலி போட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைத்திருக்கிறார்கள். யானைக்குக் கவளம் ஊட்டுகிறவர்கள் அதனிடம் வடமொழியில் பேசுகிறார்கள். இடுப்பில் வாள் செருகிய பெண்கள் அணையும் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீர்க்கடிகாரம் பார்த்து நேரம் சொல்ல ஆள் இருக்கிறது. அரசன் காயம்பட்ட யானைகளையும் வீரர்களையும் நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கிறான். போர்க்களத்தைவிட இந்த இரவுக் காட்சி எனக்குப் பிடிக்கும்.

ஆனால் பாசறை தற்காலிகமானது. போர் முடிந்தால் கலைந்துவிடும். கண்டோன்மென்ட் என்ற சொல்லும் ஐரோப்பாவில் அப்படித்தான் இருந்தது. குளிர்காலத்தில் சண்டை நிற்கும்போது படைகளைப் பக்கத்துக் கிராமங்களில் பிரித்துத் தங்க வைப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். மூலை, பகுதி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான ‘கான்டன்’ அதன் வேர். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அந்தச் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரில் 1765-இல் அமைந்ததைத்தான் முதல் கண்டோன்மென்ட் என்பார்கள். அதன்பின் ‘தற்காலிகத் தங்கல்’ என்ற சொல் நிரந்தரமான ஒரு ஊரின் பெயராகிவிட்டது.

ஏன் கோட்டைக்குள்ளேயே இருக்கவில்லை? முதல் காரணம், இடம் போதவில்லை. கம்பெனியின் படை வணிகக் கிடங்கைக் காவல் காத்த காலம் போய், ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவது, பிடித்த நாட்டை அடக்கி வைக்க வேண்டுமானால் பெரிய ஊர்களுக்குப் பக்கத்தில் படை இருக்க வேண்டும். ஆனால் ஊருக்குள் இருக்கக் கூடாது. ஊருக்குள் இருந்தால் நோய் வரும், குடி வரும், எல்லாவற்றையும்விட ஊர்ப்பேச்சு வரும். அதனால் ஊரிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளி, மேடான, காற்றோட்டமான நிலம் பார்த்து எல்லை போட்டார்கள்.

பங்களா, பாரக்ஸ், லைன்

ஒரு பழைய கண்டோன்மென்டின் வரைபடத்தைப் பார்த்தால் யார் யாருக்கு மேலே என்பது கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். நடுவே அணிவகுப்பு மைதானம். காற்று நன்றாக வீசும் பக்கம் அதிகாரிகளின் பங்களாக்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பெரிய தோட்டம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு பாரக்ஸ்: நீண்ட கூடம், வரிசையாகக் கட்டில், தலைமாட்டில் ஒரு பெட்டி. இந்தியச் சிப்பாய்களுக்கு லைன். அதாவது, வரிசை வரிசையாகக் குடிசை போட்டுக்கொள்ளக் கம்பெனி இடத்தைக் காட்டும். குடிசையைச் சிப்பாயே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கென ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். ரெஜிமென்ட் வேறு ஊருக்கு மாறினால் குடிசையை விட்டுவிட்டுப் போய், புது ஊரில் மறுபடி கட்ட வேண்டும். போலீஸ் லைன், ரயில்வே லைன் வீடு என்று இன்றைக்கும் நாம் சொல்வது இந்த வரிசைக் குடியிருப்பு வழக்கத்தின் மிச்சம்தான்.

சாப்பாட்டிலும் இதே கதை. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ரொட்டியும் இறைச்சியும் அளந்து கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்க்குச் சம்பளம் மட்டும்தான். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காலாட்படைச் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். அரிசி, விறகு, சட்டி பானை எல்லாம் அவர் பாடு. அவரவர் வீட்டில் அவரவர் சமையல். எல்லாருக்கும் பொதுவான சமையலறை என்பது கிடையாது. சாதி வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்ததாகக் கம்பெனி சொல்லிக்கொள்ளும். செலவு மிச்சம் என்பதும் அதற்குத் தெரியாதது இல்லை.

7 ரூபாய் வாங்குகிறவர் அரிசி வாங்க ஒரு கடைத்தெரு வேண்டுமே. அதுதான் சதர் பஜார். கண்டோன்மென்டின் உயிர் அங்கேதான் இருந்தது என்று சொல்லலாம். மளிகைக்காரர், துணிக்காரர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், வட்டிக்குக் கொடுப்பவர், சாராயக் கடை எல்லாம் அங்கே. விலை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள ராணுவமே கொத்தவால் என்ற சந்தை அதிகாரியை வைத்து மேற்பார்த்தது. இதற்கு மேல் படையோடு ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள்: தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, குதிரைக்காரர், குதிரைக்குப் புல் அறுப்பவர், வண்ணார், நாவிதர், கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவை இழுப்பவர், கூடாரம் அடிப்பவர். துப்பாக்கி ஏந்தியவர் ஒருவர் என்றால் அவரைச் சுற்றிப் பிழைத்தவர்கள் பல பேர். படை நகரும்போது இந்த ஊர் முழுவதும் கூடவே நகரும்.

கூடாரம் அடித்து, பீரங்கி இழுத்தவர்களுக்கு லஸ்கர் என்று பெயர். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. தமிழ்நாட்டில் ஏரி மதகையும் கால்வாய் ஷட்டரையும் திறந்து மூடுகிற நீர்வளத் துறை ஊழியருக்கு இன்றும் லஸ்கர் என்றுதான் பெயர். வயலுக்குத் தண்ணீர் விடச் சொல்லி நாம் தேடிப் போகிறவரின் பதவிப் பெயரில் ஒரு படையே ஒளிந்திருக்கிறது.

பேட்டாவும் அப்படித்தான். லாரி டிரைவர் பேட்டா, சினிமாத் தொழிலாளர் பேட்டா என்கிறோம் அல்லவா? கம்பெனிப் படையில் சம்பளத்துக்கு மேல், வெளியூரில் படை நகரும்போது கொடுத்த படிக்குப் பத்தா என்று பெயர். கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் ‘பத்த’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இந்தப் படி விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1766-இல் வங்காள கவர்னர் கிளைவ் அதைக் குறைத்தபோது வங்காளப் படையின் வெள்ளைக்கார அதிகாரிகளே கூட்டுச் சேர்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார்கள். 1828-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் சில ஊர்களில் பாதியாக வெட்டியதும் மறுபடி ஒரே கூப்பாடு.

குடும்பத்தோடு நகர்ந்த படை

கம்பெனிக்கு மூன்று படைகள்: வங்காளம், பம்பாய், மதராஸ். வங்காளச் சிப்பாய்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு லைனில் தனியாக இருப்பார்கள். மதராஸ் படை அப்படி இல்லை. தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களும் சேர்ந்த அந்தப் படையில் குடும்பம் சிப்பாயோடு லைனிலேயே இருந்தது. மனைவி, குழந்தைகள், விதவைத் தாய், கல்யாணமாகாத தங்கை, சில சமயம் மாமியார் வீட்டார் உட்பட. ரெஜிமென்டுக்கு இடமாற்றம் என்றால் மாட்டு வண்டிகளில் பாத்திர பண்டங்களோடு கிழவிகளும் கைக்குழந்தைகளும் நூற்றுக்கணக்கான மைல் போவார்கள். சிப்பாய்களின் பையன்களைச் சின்ன வயதிலேயே ‘ரெக்ரூட் பாய்’ என்று பதிவு செய்து, சிறு சம்பளம் கொடுத்து, ரெஜிமென்ட் பள்ளியில் படிக்க வைத்து, வளர்ந்ததும் சிப்பாயாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அப்பா, மகன், பேரன் என்று ஒரே ரெஜிமென்டில் மூன்று தலைமுறை இருந்தால் அந்த ரெஜிமென்ட்தான் அவர்களுக்குச் சொந்த ஊர்.

இதனால் மதராஸ் படை கலகத்துக்குச் சுலபத்தில் போகாது என்று அதிகாரிகள் நம்பினார்கள். பாதி உண்மை. குடும்பத்தின்மேல் கை வைத்தால் அதே படை வேறு முகம் காட்டியது. 1843-இல் மதராஸ் குதிரைப்படையின் 6-ஆவது ரெஜிமென்டை நாக்பூருக்குப் பக்கத்தில் உள்ள காம்ப்டியிலிருந்து ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நம்பிக் குடும்பங்களைக் காம்ப்டியிலேயே விட்டுப் போயிருந்தார்கள். பிறகு ‘அங்கேயே இருங்கள்’ என்று உத்தரவு வந்தது. ரெஜிமென்ட் வேலை செய்ய மறுத்தது. அடுத்த வருடம் சிந்துவுக்குப் போகக் கிளம்பிய 47-ஆவது மதராஸ் காலாட்படை, சொன்ன கூடுதல் படி கிடையாது என்று பம்பாயில் தெரிந்ததும் முரண்டு பிடித்தது. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பப் பணம் போதாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

வேலூரையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 1806 ஜூலை 10 கிளர்ச்சி என்றால் உடனே புதுத் தலைப்பாகை ஞாபகம் வரும். தோல் பதித்த தலைப்பாகை, நெற்றியில் சாதி சமயக் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று தலைமைத் தளபதி கிராடக் காலத்தில் வந்த உத்தரவு. அப்போதைய மதராஸ் கவர்னர் வேறு யாருமில்லை, பின்னால் படியை வெட்டிய அதே பெண்டிங்தான். உடை விதிக்கு இத்தனை கோபமா என்று சிலர் கேட்பதுண்டு. ஐரோப்பாவில் கல்யாணமாகாமல் பாரக்ஸில் கிடக்கும் சிப்பாய்க்கு உடை என்பது உடைதான். வேலூர்ச் சிப்பாய் அப்படி இல்லையே. அணிவகுப்பு முடிந்தால் அவர் கோட்டைக்கு வெளியே பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், தெருவில் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும், மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டும். மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்த நேரத்தில் அந்தத் தலைப்பாகையோடு அவர் எப்படிப் போவார்? திப்புவின் மகன்கள் கோட்டைக்குள் இருந்தது, பழைய மைசூர்ப் பகை என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. இன்னொரு சின்ன விவரம்: மறுநாள் விடியற்காலை அணிவகுப்பு இருந்ததால் அன்று இரவு சிப்பாய்களைக் கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொல்லியிருந்தார்கள். வழக்கம்போல வீட்டுக்குப் போயிருந்தால் அன்றிரவு அத்தனை பேர் ஓரிடத்தில் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாயின் குடும்பக் கதை இன்னும் மோசம். நூற்றுக்கு இத்தனை பேர்தான் மனைவியோடு வரலாம் என்று கணக்கு உண்டு. அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவரின் மனைவி ராணுவத்தின் கண்ணில் ஆளே இல்லை. கல்யாணமான சிப்பாய்கள் பாரக்ஸுக்குப் பின்னால் இருந்த சிறு வீடுகளில் இருந்தார்கள். அந்த வீடுகளுக்கு வங்காளத்தில் ‘பட்சேரி’ என்று பெயர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, அது மதராஸிலிருந்து சிப்பாய்கள் வாயிலாகப் போன தமிழ்ச் சொல், பறைச்சேரி என்பதன் திரிபு என்கிறது. ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்களின் குடியிருப்புப் பெயரை, படைக்குள் தள்ளி வைக்கப்பட்ட வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டுக்கும் வைத்துவிட்டார்கள். வைத்தவருக்குப் பொருள் தெரிந்திருந்தது போலத்தான் இருக்கிறது.

பகல் முழுக்க என்ன செய்வது?

கோடைக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் நாள் இப்படிப் போகும். விடியுமுன் பீரங்கிச் சத்தம். எழுந்து அணிவகுப்பு. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாலை வரை பாரக்ஸை விட்டு வெளியே போகக் கூடாது; வெயில் தாக்கிச் செத்துவிடுவார்கள் என்ற பயம். சமைக்க ஆள், துவைக்க ஆள், சவரம் செய்யக்கூட ஆள். கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே ஆடும் பங்காவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படி ஒரு நாள் என்றால் சுகம். பத்து வருடம் என்றால்?

குடித்தார்கள். ராணுவமே சாராயத்தை அளந்து கொடுத்தது; போதாததைப் பஜாரில் வாங்கிக்கொண்டார்கள். கேன்டீன் என்ற சொல்லுக்கு அன்று பாரக்ஸில் சாராயம் விற்கும் கடை என்றுதான் பொருள். நம் ஊரில் ‘மிலிட்டரி கேன்டீன்’ என்றதும் எது ஞாபகம் வருகிறதோ, அது புதிதாக வந்த பழக்கம் இல்லை. குடியைக் குறைக்க 1820-களில் கம்பெனி சில ஊர்களில் சிப்பாய்களுக்கு நூலகம் வைத்துப் பார்த்தது. பிறகு காபிக் கடை, தோட்டம் போடுதல், நாடகம், மதுவிலக்குச் சங்கம்.

அதிகாரிகளின் சலிப்பு வேறு ரகம். அவர்களுக்குக் குதிரை இருந்தது, கிளப் இருந்தது, நேரம் கொள்ளை கொள்ளையாக இருந்தது. உலகம் இன்று விளையாடும் சில ஆட்டங்கள் அந்த நேரத்தில் பிறந்தவை. 1875-இல் ஜபல்பூர் அதிகாரிகள் மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் உண்டாக்கினார். ஆடத் தெரியாமல் சொதப்பிய ஒருவரை ‘ஸ்நூக்கர்’ என்று கேலி செய்தார். ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை அப்படித்தான் சொல்வார்களாம். பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் மதராஸ் படைத் தளபதி ராபர்ட்ஸோடு உதகைக்கு வந்தார். ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டது உதகை கிளப்பில். (இந்தச் சேம்பர்லினும் பின்னாளில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமரும் வேறு வேறு ஆட்கள்.) பூனாவில் அதிகாரிகள் ஆடிய பூப்பந்தாட்டம்தான் இங்கிலாந்துக்குப் போய் பாட்மின்டன் ஆனது.

1896-இல் பெங்களூர் கண்டோன்மென்டுக்கு இருபத்தோரு வயதில் வின்ஸ்டன் சர்ச்சில் வந்து சேர்ந்தார். ரோஜாத் தோட்டமுள்ள பங்களா, வேலையாட்கள், மாலையில் போலோ. நடுப்பகலில் நேரம் போகாமல் ரோமப் பேரரசின் வரலாற்றைப் படித்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகாத அவருக்கு அந்தப் பகல்கள்தான் பல்கலைக்கழகம். கிளப்புக்கு அவர் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போன கணக்கு 1899-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருக்கிறது. கண்டோன்மென்டில் பொழுதைக் கழித்த விதம் ஆளைப் பொறுத்தது என்பதற்கு இதைச் சொல்கிறேன். பங்கா இழுத்தவருக்கு அந்தப் பகல் எப்படிப் போயிற்று என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

எதிரியைவிடப் பெரிய எதிரி

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இங்கிலாந்து ஏராளமான வெள்ளைக்காரத் துருப்புகளை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர்கள் ஈசல் போலச் செத்தார்கள், அதுவும் சண்டை இல்லாமல். 1859-இல் ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதன் பின்னணியில் முழுமூச்சாக உழைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒவ்வொரு கண்டோன்மென்டுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒரு கூடத்தில் எத்தனை பேர், என்ன குடிக்கிறார்கள். மூட்டை மூட்டையாகப் பதில்கள் வந்தன. 1863-இல் வெளியான அறிக்கை சொன்ன கணக்கு: வருடத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, காலரா, ஈரல் நோய். எதிரியின் குண்டு அந்தக் கணக்கில் ஒரு மூலையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாம் இன்று பார்க்கும் கண்டோன்மென்ட் உருவானது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய, உயரமான கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட பாரக்ஸ், மூடிய கிணறு, கழிவுநீர் வாய்க்கால், சுகாதாரக் காவலர். 1864-இல் கண்டோன்மென்டுகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. பத்து வருடத்தில் சாவு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்துவிட்டதாக நைட்டிங்கேல் 1870-களில் எழுதினார். மலையும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. நீலகிரியில் ஜக்கதளா என்ற இடத்தில் 1852-இல் தொடங்கிய பாரக்ஸ்தான் பிறகு 1860-இல் வெலிங்டன் என்று பெயர் மாறியது. அங்கே இன்று மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமைப் பயிற்சி மையம் இருக்கிறது.

சுகாதாரத்தின் பெயரில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கல்யாணம் செய்ய விடாமல் வைத்திருந்த ராணுவம், அவர்களுக்காகப் பஜாரின் ஒரு பகுதியில் பெண்களைக் குடியமர்த்தியது. பெயர் பதிந்து, சீட்டுக் கொடுத்து, கட்டாய மருத்துவச் சோதனை. நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற அடைப்பு மருத்துவமனையில் அடைத்துவிடுவார்கள். மதராஸ் மாகாணத்தில் இவை 1805-லேயே வந்துவிட்டன. சிப்பாய்க்கு எந்தச் சோதனையும் இல்லை. 1886-இல் ராணுவத் தலைமையகத்திலிருந்து போன ஒரு சுற்றறிக்கை, போதுமான எண்ணிக்கையில், போதுமான அழகுள்ள பெண்களை ஏற்பாடு செய்யச் சொன்னது. அது லண்டனில் வெளியே வந்ததும் பெரிய அவமானமாகி, 1888-இல் நாடாளுமன்றம் இந்த முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பெயரை மாற்றிக்கொண்டு ஏற்பாடு தொடர்ந்தது. 1890-களின் தொடக்கத்தில் எலிசபெத் ஆண்ட்ரூ, கேதரின் புஷ்னெல் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் கண்டோன்மென்ட் கண்டோன்மென்டாகப் போய் அந்தப் பெண்களிடமே பேசி, அதை அம்பலப்படுத்தினார்கள்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைகள் என்ன ஆனார்கள்? அப்பா செத்துவிடுவார், அல்லது கப்பல் ஏறிவிடுவார். இப்படிப்பட்ட பையன்களுக்காக 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதை இல்லம் தொடங்கினார்கள். அதை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஆசிரியர்கள் சரியாக அமையவில்லை. ஒரு நாள் குதிரையில் போகும்போது, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகுவதைப் பார்த்தார். செலவே இல்லாத பலகை! இல்லத்துக்கு வந்து அதையே செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் முறைத்துக்கொண்டார்கள். சரி என்று ஒரு பெரிய பையனைப் பிடித்து, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797-இல் லண்டன் திரும்பிய பெல் அதை எழுதி வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. ஒரு படையின் அநாதைப் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்ட யோசனை, அந்தப் படையை அனுப்பிய நாட்டின் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

தண்டு என்ற ஊர்

கண்டோன்மென்ட் எப்படி ஊரையே மாற்றும் என்று பார்க்கப் பெங்களூர் போதும். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. அங்கே காய்ச்சல் தாங்கவில்லை. 1809 வாக்கில் பெங்களூருக்குக் கிழக்கே, அல்சூர் பக்கம் மேட்டு நிலத்துக்கு மாறினார்கள். படையோடு தமிழ்நாட்டுச் சிப்பாய்களும் வியாபாரிகளும் வேலையாட்களும் கட்டடத் தொழிலாளர்களும் போனார்கள். கன்னடம் பேசும் பேட்டை ஒரு பக்கம், தமிழும் உருதும் ஆங்கிலமும் பேசும் கண்டோன்மென்ட் இன்னொரு பக்கம், நடுவில் கப்பன் பூங்கா. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம். 1881-இல் மைசூர் ராஜ்யத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதுகூடக் கண்டோன்மென்டை ஆங்கிலேயர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1947-இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. கன்னடத்தில் அதைத் ‘தண்டு’ என்றார்கள். இன்றும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனின் கன்னடப் பலகையில் பெங்களூரு தண்டு என்றுதான் இருக்கும். தமிழிலும் படை என்ற பொருளில் உள்ள பழைய சொல்தான் அது. அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருடைய பூர்வீகக் கதை, ‘தாத்தாவோட தாத்தா பட்டாளத்தோட வந்தாரு’ என்றுதான் தொடங்குகிறது. செகந்திராபாத், காம்ப்டி போன்ற மதராஸ் படை ஊர்களிலும் இதே கதைதான்.

இப்போது?

சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் கண்டோன்மென்டை அப்படியே எடுத்துக்கொண்டது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 வரை ஓடியது. பிறகு புதுச் சட்டம். திருச்சி போன்ற சில ஊர்களில் படை போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. சட்டப்படி கண்டோன்மென்டாக இருந்தவை 2023 வரை நாடு முழுக்க 62. தமிழ்நாட்டில் வெலிங்டனும் பரங்கிமலை-பல்லாவரமும். இங்கே குடியிருக்கும் பொதுமக்களுக்கு நகராட்சி கிடையாது. கண்டோன்மென்ட் வாரியத்துக்குத்தான் வரி, அங்கேதான் பிறப்புச் சான்றிதழ், அங்கேதான் வீட்டு மாடி கட்ட அனுமதி. வாரியத்தின் தலைவர் ஒரு ராணுவ அதிகாரி. சட்டப்படி பாதி உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பங்களாக்களில் ‘ஓல்டு கிராண்ட்’ என்று ஒரு வகை உண்டு: வீடு உங்களுடையது, நிலம் அரசாங்கத்துடையது. அதிகாரி வந்து போகிற ஊர்தானே, நிலத்தை எதற்கு விற்பானேன் என்று 1836-இல் போட்ட உத்தரவின் மிச்சம். அந்த வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ முயன்றவர்களிடம் பேசிப் பாருங்கள், அரை நாள் ஆகும்.

2023-இல் இமாச்சலப் பிரதேசத்தின் காஸ் யோல் கண்டோன்மென்டைக் கலைத்து, ராணுவப் பகுதியை மட்டும் தனி ராணுவ நிலையமாக்கி, குடியிருப்புகளை உள்ளூர் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். மற்ற கண்டோன்மென்டுகளின் குடியிருப்புப் பகுதிகளையும் இப்படிப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைப்பது என்பதுதான் மத்திய அரசின் திட்டம். பல்லாவரத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், தண்ணீர் வரி ஏறுமா இறங்குமா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது.